அஞ்சு வருஷம் மட்டும்

எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் வருடத்துக்கு நாலைந்து முறையாவது அந்த வரி வந்துவிடும். ஒருவன் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும் படத்தைப் போடுவான். இன்னொருவன் பத்திரப்பதிவுக்குப் போய்த் தான் கொடுத்த லஞ்சக் கணக்கைச் சொல்வான். அதற்குக் கீழே மூன்றாமவன் எழுதுவான்: "ஒரு அஞ்சு வருஷம் மட்டும் நாட்டை மிலிட்டரிகிட்ட குடுத்துப் பாக்கணும்டா. எல்லாம் நேராயிடும்." உடனே பன்னிரண்டு கட்டைவிரல்கள்.

நானும் கட்டைவிரல் காட்டியவன்தான். ஹாஸ்டல் காலத்தில் இதையே நாலு பேரை உட்காரவைத்து முழங்கியிருக்கிறேன். எஞ்சினியரிங் படிக்கிறவனுக்கு இந்த யோசனை ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று எனக்குத் தெரியும். சிஸ்டம் கெட்டுக் கிடக்கிறது. ரூட் பாஸ்வேர்ட் ஒரே ஆள் கையில் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சரிபண்ணிவிடலாம். இடையில் கமிட்டி, வழக்கு, வட்டச் செயலாளர், வாய்தா எல்லாம் எதற்கு? போதாக்குறைக்கு, தனி ஆளாக ஒருத்தன் வந்து ஊரையே திருத்துகிற சினிமாவைப் பார்த்து வளர்ந்த தலைமுறை வேறு.

இந்த எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்தது சிங்கப்பூரில், எங்கள் அலுவலகப் பேன்ட்ரியில். 2022ஆம் வருடம். திருச்சிக்கார நண்பர் ஒருவர் வழக்கம்போல ஆரம்பித்தார். இந்தியாவுக்கு ஒரு கண்டிப்பான ராணுவ ஆட்சி, அஞ்சே வருஷம், அப்புறம் தேர்தல் வைத்துக்கொள்ளலாம் என்று. பக்கத்தில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் எங்கள் டேட்டாபேஸ் குழுவில் இருக்கும் பர்மியப் பெண். மண்டலேக்காரர். அதிகம் பேசமாட்டார். தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னார், "உங்களுக்கு அஞ்சு வருஷமா? எங்களுக்கு ஆறு மாசம்னுதான் சொன்னாங்க." மூடியைத் துடைத்துப் பொருத்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஆறு மாதம் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடினேன். எங்கள் குழுவில் எல்லோரும் கனவு காண்கிற விஷயம் உலகத்தில் ஒரு நாட்டில் அச்சு அசலாக நடந்திருக்கிறது.

1958. பர்மா விடுதலை பெற்றுப் பத்து வருடம். ஆங் சானை 1947லேயே சுட்டுக்கொன்றுவிட்டார்கள். கம்யூனிஸ்டுகள் ஒரு பக்கம், கரேன் படைகள் ஒரு பக்கம் என்று உள்நாட்டுப் போர் ஓயவில்லை. ஆளும் கட்சி இரண்டாக உடைந்து ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருக்கிறது. பிரதமர் ஊ நூ ராணுவத் தளபதி நெ வின்னை அழைத்து, காபந்து அரசாக ஆறு மாதம் நடத்துங்கள், பிறகு தேர்தல் என்று ஆட்சியைக் கொடுக்கிறார். அழைத்தார் என்பது பதிவேட்டில் இருப்பது. அழைக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும், தளபதிக்கும் தெரியும். அந்த அரசு பொறுப்பேற்ற நாள் 1958 அக்டோபர் 28. அதற்கு முதல் நாள்தான் பாகிஸ்தானில் அயூப் கான் ஜனாதிபதியை அனுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். அந்த வாரம் இந்தியாவின் இரண்டு பக்கமும் பூட்ஸ் சத்தம் கேட்டிருக்கும்.

ஆறு மாதம் ஏறக்குறைய ஒன்றரை வருடமானது. நேர்மையாகச் சொல்லவேண்டும் என்றால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஒன்றரை வருடம் பிரமாதமாக இருந்தது. ரங்கூன் தெருக்களில் மலையாகக் கிடந்த குப்பை போயிற்று. விலைவாசி இறங்கியது. அதிகாரிகள் நேரத்துக்கு அலுவலகம் வந்தார்கள். நகரத்தின் நடுவில் குடிசை போட்டிருந்த ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் லாரியில் ஏற்றி, ஒக்கலாப்பா, தாக்கேட்டா என்று புதிதாகப் போட்ட புறநகர்களுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். "எங்கள்மேல் வைத்த நம்பிக்கை வீண்போகவில்லைதானே?" என்று கேட்கிற தொனியில் தலைப்பு வைத்து, செய்த வேலைகளையெல்லாம் அடுக்கி ஒரு தடித்த புத்தகமே போட்டார்கள். 1960இல் சொன்னபடி தேர்தலும் வைத்து, ஆட்சியைத் திருப்பியும் கொடுத்தார்கள்.

என் நண்பர்கள் கேட்பது இதைத்தானே? சுத்தமான தெரு, பயந்த அதிகாரி, கடைசியில் தேர்தல்.

இதில் இரண்டு விஷயங்களை அந்தப் புத்தகம் ஒழுங்காகச் சொல்லாது. ஒன்று, அந்தத் தேர்தலில் பர்மிய மக்கள் ராணுவம் விரும்பிய பக்கத்துக்குப் போடவில்லை. தெருவைச் சுத்தம் செய்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, குழப்படிக்குப் பேர்போன ஊ நூவுக்கே வாரி வழங்கினார்கள். இரண்டு, பாதுகாப்புச் சேவை நிறுவனம் என்று ஒன்று. 1951இல் சிப்பாய்களுக்கு மலிவு விலையில் சாமான் விற்கிற கேன்டீனாக ஆரம்பித்தது. காபந்து ஆட்சி முடிகிறபோது அதன் கையில் வங்கி, கப்பல், ஹோட்டல், மீன் வியாபாரம் எல்லாம் இருந்தன. நாட்டிலேயே பெரிய வியாபாரி ராணுவம்தான். குப்பை அள்ள வந்தவர் அள்ளியது குப்பையை மட்டுமா? ருசி கண்ட பூனை இரண்டே வருடத்தில் உறியைத் தேடி வந்தது. 1962 மார்ச் 2. இந்த முறை யாரும் அழைக்கவில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று கெடு எதுவும் இல்லை.

நான்கு மாதம் கழித்து, ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழகத்தில் விடுதி விதிகளை எதிர்த்த மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசுக் கணக்குக்கும் மாணவர் கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மறுநாள் விடியுமுன் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆங் சான் மாணவராக இருந்து வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசிய சங்கம் அது. வெள்ளைக்காரன் அதை இடிக்கவில்லை.

அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் நெ வின். "மிலிட்டரின்னா எஃபீசியன்சி" என்று சொல்கிறவர்களுக்காக ஒரே ஒரு கதை. 1985இல் தன்னுடைய 75ஆவது வயதைக் கொண்டாட 75 கியாட் நோட்டு அடித்தார்கள். 1987 செப்டம்பரில் ஒரு நாள் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பெரும்பகுதி ஒரே நாளில் காகிதம். அப்புறம் 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன. ஏன் 45, 90? இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது நெ வின்னுக்கு ராசியான எண். அதே வருட முடிவில் ஐநா பர்மாவை உலகின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாடு.

நமக்குப் பணமதிப்பு நீக்கம் புதிதில்லை. வரிசையில் நின்ற கால் வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையே இங்கே ஒருவர் வழக்குப் போடமுடிந்தது, பத்திரிகையில் திட்டமுடிந்தது, தேர்தலில் காட்டுகிறேன் பார் என்று டீக்கடையில் கத்தமுடிந்தது. ரங்கூனில் தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள். அதுவும் யார்? ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். ஆமாம், எஞ்சினியரிங் பிள்ளைகள். கல்விக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் செல்லாமல் போனவர்கள். ஆறு மாதம் கழித்து, 1988 மார்ச்சில், அதே கல்லூரிக்குப் பக்கத்து டீக்கடையில் எந்த கேசட்டைப் போடுவது என்று உள்ளூர் ஆட்களோடு ஒரு கைகலப்பு. மாணவனை அடித்த அதிகாரி மகனைப் போலீஸ் விட்டுவிட்டது. கேட்கப் போன மாணவர்கள்மீது சுட்டார்கள். மார்ச் 13 அன்று செத்தவர் ஃபோன் மோ, எஞ்சினியரிங் மாணவர், வயது 23. அடுத்த சில நாட்களில் கைதான மாணவர்களை ஒரே போலீஸ் வேனில் அடைத்ததில் 41 பேர் மூச்சுமுட்டிச் செத்தார்கள். இந்த எண்ணிக்கையைப் பிற்பாடு அரசு விசாரணையே ஒப்புக்கொண்டது. அந்தத் தீதான் 8.8.88 ஆனது. செப்டம்பரில் ராணுவம் மறுபடி நேரடியாக இறங்கியபோது, அந்த வருடத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய 3,000 என்று மதிப்பிடுகிறார்கள். 1990 தேர்தலில் சூ கியின் கட்சி ஐந்தில் நான்கு பங்கு இடங்களை வென்றது. ராணுவம் முடிவை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது.

ராணுவம் நாட்டை ஏன் நேராக்க முடியாது என்பதற்கு நான் என் தொழில்பாஷையிலேயே ஒரு பதில் வைத்திருக்கிறேன். ஒரு சர்வர் படுத்துவிட்டால் எங்களுக்கு நடு ராத்திரியில் அலறும். அந்த அலறல் எரிச்சலானது. ஆனால் அலறலை அணைத்துவிட்டால் சர்வர் சரியாகிவிடாது. படுத்ததே தெரியாமல் போகும். திட்டுகிற பத்திரிகை, வழக்குப் போடுகிற ஆள், சாலை மறியல் செய்கிற கிழவி, தோற்கடிக்கிற வாக்காளர், இவர்கள்தான் ஒரு நாட்டின் அலாரம். ராணுவ ஆட்சி முதலில் பிடுங்குவது அதைத்தான். அதனால்தான் முதல் ஆறு மாதம் அவ்வளவு அமைதியாக, அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

2008 மே மாதம் நர்கிஸ் புயல். புயல் கரையைக் கடக்க 48 மணி நேரத்துக்கு முன்பே இந்திய வானிலைத் துறை பர்மாவுக்குத் தகவல் கொடுத்தது. ஐராவதி டெல்டாவில் இறந்தவர்கள், காணாமல்போனவர்கள் 1,38,000 பேருக்கு மேல். அமெரிக்க, பிரெஞ்சுக் கப்பல்கள் நிவாரணப் பொருட்களோடு கடலிலேயே நின்றன. இறக்க அனுமதி இல்லை. பிணங்கள் வயலில் மிதந்துகொண்டிருந்த அதே மே 10ஆம் தேதி, நாட்டின் மற்ற பகுதிகளில் ராணுவம் தன் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. டெல்டாவுக்கு மட்டும் இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள், என்ன கருணை! முடிவு, 92 சதவீதம் ஆதரவு. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு டெல்டாவுக்கு அரிசி கொண்டுபோன நகைச்சுவை நடிகர் சர்கனார், மக்கள் படும் பாட்டை வெளிநாட்டு ஊடகங்களுக்குச் சொன்னதற்காகக் கைதானார். தண்டனை 59 வருடம். பிற்பாடு குறைத்தார்கள், 2011இல் விட்டார்கள். அந்த அரசியல் சட்டத்தின்படி நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு பங்கு இடம் தேர்தலே இல்லாமல் ராணுவத்துக்கு. சட்டத்தைத் திருத்த முக்கால் பங்குக்கு மேல் வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பிறந்தது பெகு பக்கம். தாத்தா அங்கே அரிசி ஆலையில் கணக்கெழுதினார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து போன குடும்பம். 1965இல் கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். அப்பத்தாவின் தகரப்பெட்டியில் கடைசிவரை ஒரு நூறு கியாட் நோட்டு இருந்தது. செல்லாத நோட்டு. 1964 மேயில் நெ வின் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று ஆக்கியபோது வீட்டில் இருந்தவற்றில் ஒன்று. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "அது கெடக்கட்டும்டா" என்பார்.

பர்மா என்றால் நம்மிடம் இருப்பது ஏக்கம் மட்டும். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண், பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார், பக்கத்துச் சந்தில் அத்தோ, வாழைத்தண்டுச் சூப். "நம்ம ஆளுங்களை வெரட்டிட்டான் பர்மாக்காரன்" என்று அந்தக் கதையை முடித்துவிடுவோம். 1930களில் கலவரம் நடந்தது உண்மை. 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து லட்சக்கணக்கானோர் நடந்தே வந்ததும் உண்மை. பெருமந்தத்துக்குப் பிறகு கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் வட்டிக்கடைச் செட்டியார்கள் கைக்குப் போனது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு வயிறெரிய நியாயம் இருந்தது. அதையும் நாம் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் 1962க்குப் பிறகு ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்களைக் கையில் காசில்லாமல் கப்பலேற்றியது, வயிறெரிந்த அந்த விவசாயி இல்லை. வங்கியையும் கடையையும் அரசுடைமை என்ற பெயரில் கைப்பற்றிய ராணுவம். வட்டிக்கடைக்காரரோடு ஆலைக் கணக்குப்பிள்ளை, மூட்டை தூக்கினவர், இட்லி விற்றவர் எல்லோரும் ஒன்றாக "அந்நியர்" ஆனார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் முகாம் வாழ்க்கை பொறுக்காமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது.

நம்மை விரட்டியபோது பர்மியப் பெரும்பான்மை பெரிதாக வாய் திறக்கவில்லை. 2017இல் ரோஹிங்யாக்களின் ஊர்களை எரித்து ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்குத் துரத்தியபோதும் அப்படித்தான். நோபல் பரிசு வாங்கிய சூ கியே 2019இல் ஹேக் நீதிமன்றத்துக்குப் போய் ராணுவத்துக்காக வாதாடினார். பேன்ட்ரியில் பேசிய அந்தப் பெண்ணிடம் இதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அப்போ நானும் நம்பினேன். அவங்க வெளியாளுங்கன்னுதான் நம்பினேன்" என்றார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அவரைப் போலப் பலர் ரோஹிங்யாக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். காலம் கடந்த மன்னிப்புதான். துப்பாக்கி தன் வீட்டுக் கதவுக்கு வரும்வரை அது அடுத்தவனுக்கானது என்றே எல்லோருக்கும் தோன்றுகிறது. எங்கள் வாட்ஸப் குழுவிலும் "மிலிட்டரி வரணும்" என்று எழுதுகிறவன் ஒருத்தனாவது, லத்தி தன் முதுகில் விழும் என்று நினைத்து எழுதுவதாக எனக்குத் தெரியவில்லை.

2020 நவம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படும் 476 இடங்களில் சூ கியின் கட்சிக்கு 396. ராணுவத்தின் கட்சிக்கு 33. தளபதி மின் ஆங் லைங்குக்கு 65 வயதாகி ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. 2021 பிப்ரவரி 1, புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய நாளின் அதிகாலையில் தலைவர்களைக் கைது செய்தார்கள். சூ கிமேல் போட்ட முதல் வழக்கு, வாக்கிடாக்கி இறக்குமதி செய்தார் என்பது.

இதற்கு மக்கள் காட்டிய எதிர்ப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவே இல்லை என்பது என் ஆதங்கம். முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் அரசு மருத்துவர்களும் செவிலியர்களும். பிறகு ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், வங்கி ஊழியர்கள். இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர், நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர்: சட்டமறுப்பு இயக்கம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடு வீடாகச் சட்டியும் பானையும் தட்டினார்கள். பேய் ஓட்டுவதற்குப் பர்மியர்கள் செய்வது அது. பெண்களின் கைலிக்கு அடியில் போனால் ஆணின் வலிமை போய்விடும் என்று ஒரு நம்பிக்கை அங்கே உண்டு. தெருவுக்குக் குறுக்கே கொடி கட்டி வரிசையாகக் கைலிகளைத் தொங்கவிட்டார்கள். ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள் அதை அவிழ்க்கக் கம்பு தேடிக்கொண்டு நின்ற வீடியோக்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு மார்ச்சில் நின்றது. மார்ச் 3 அன்று மண்டலேயில் 19 வயது சால் சின் சுடப்பட்டாள்; அவள் போட்டிருந்த டீஷர்ட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அன்றே மொன்யுவாவில் கவிஞர் கே சா வின் சுட்டுக் கொல்லப்பட்டார். ரங்கூனில் அன்றைக்கு அதிகம் பேர் செத்த இடம் வடக்கு ஒக்கலாப்பா. ஞாபகம் இருக்கிறதா? காபந்து ஆட்சியில் நகரத்தைச் சுத்தப்படுத்த ஏழைகளை லாரியில் கொண்டுபோய் இறக்கிய அதே இடம்.

மே மாதம் இன்னொரு கவிஞர், கெட் தி. இவர் எஞ்சினியர். கவிதைக்காக 2012இல் எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு, ஐஸ்கிரீமும் கேக்கும் செய்து விற்றுப் பிழைத்தவர். ஒரு சாயங்காலம் அவரையும் மனைவியையும் விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் மனைவியை அழைத்துப் பிணத்தைக் காட்டினார்கள். உடம்பைத் திறந்து உறுப்புகளை எடுத்திருந்தார்கள் என்று அவர் சொன்னார். 2022 ஜூலையில் ஹிப்ஹாப் பாடகராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினரான பியோ சேயா தோவையும், 88 மாணவர் தலைமுறையின் கோ ஜிம்மியையும், இன்னும் இரண்டு பேரையும் தூக்கிலிட்டார்கள். உடல்களைக்கூட வீட்டாருக்குக் கொடுக்கவில்லை.

என் தொழிலுக்கும் இதில் பங்கிருக்கிறது. பிப்ரவரி 1 விடியுமுன் இணையம் அறுந்தது. பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை தினமும் ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை ஒன்பதுவரை மொத்த நாட்டுக்கும் இணையம் கிடையாது. அந்த நேரத்தில்தான் வீடு புகுந்து ஆட்களைத் தூக்கினார்கள். இந்த இணைய வெட்டு எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஜெனரல் வந்து கேபிளை வெட்டுவதில்லை. இந்த முகவரிகளுக்கு இனி வழியில்லை என்று உலகத்து ரூட்டர்களுக்குச் சொல்லும் நாலைந்து வரிகள். அதை ஒரு எஞ்சினியர் தட்டச்சு செய்கிறான். என்னைப் போல ஒருத்தன், கழுத்தில் அடையாள அட்டை போட்டவன். நார்வேயின் டெலிநார் நிறுவனம் அங்கே 1.8 கோடி வாடிக்கையாளர்களை வைத்திருந்தது. ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி ராணுவம் நெருக்கியது. மாட்டேன் என்றவர்கள் கடைசியில் செய்தது, நிறுவனத்தையே விற்றுவிட்டு வெளியேறியது. அது 2022 மார்ச்சில் போய்ச் சேர்ந்தது ராணுவத்துக்கு வேண்டியவர்களின் கையில். யார் யாரோடு பேசினார்கள் என்ற பதிவுகளும் கூடவே போயின. எங்கள் வேலையில் இதற்கு டேட்டா மைக்ரேஷன் என்று பெயர்.

இன்னொரு பக்கம், தாய்லாந்து எல்லையில் மியாவாடி. ஐடி வேலை, டேட்டா என்ட்ரி வேலை என்று விளம்பரம் பார்த்துப் போன நம் பையன்கள் அடைக்கப்பட்டு, அடி வாங்கிக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்யவைக்கப்பட்ட இடம். 2022இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தபோது பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த மோசடிக் கூடங்கள் ராணுவத்தோடு சேர்ந்த எல்லைக் காவல் படையின் பாதுகாப்பில் வளர்ந்தவை. கண்டிப்பான ஆட்சியில் திருட்டு இருக்காது என்பார்களே, அந்த லட்சணம் இது.

நம் நாடு என்ன செய்தது? ஒரு காலத்தில் பர்மிய மாணவர்களுக்குத் தன் அரசு வீட்டிலேயே இடம் கொடுத்த ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மாதிரி ஆட்கள் டெல்லியில் இருந்தார்கள். 2021 மார்ச் 27 ராணுவ தின அணிவகுப்பில், நாடு முழுக்க நூறு பேருக்கு மேல் சுடப்பட்ட அதே நாளில், பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்கு முதல் நாள்தான் மணிப்பூர் அரசு, தப்பி வருகிற பர்மியர்களுக்கு முகாம் திறக்காதீர்கள், சோறு போடாதீர்கள், மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள் என்று சுற்றறிக்கை விட்டது. ஊர் காறித்துப்பியதும் வாபஸ் வாங்கியது. மிசோரம் மட்டும் டெல்லி சொன்னதைக் காதில் வாங்காமல் முப்பதாயிரம் பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டது. ஜூன் மாதம் ஐநா பொதுச்சபையில் 119 நாடுகள் கண்டனத் தீர்மானத்தை ஆதரித்தபோது இந்தியா ஒதுங்கி நின்றது. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் 2023 மேயில் வெளியிட்ட ஆயுதக் கணக்கில், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து போனது 5.1 கோடி டாலர். சிங்கப்பூரில் இருக்கும் நிறுவனங்கள் வழியாகப் போனது 25.4 கோடி டாலர். சிங்கப்பூர் அரசு விசாரணையில் இறங்கியது. அடுத்த ஆண்டே அது ஒரு கோடிச் சொச்சமாகச் சுருங்கியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சீனா இருக்கிறது, எல்லையில் தீவிரவாதிகள் இருக்கிறார்கள் என்று நம் வெளியுறவு நிபுணர்கள் சொல்லும் காரணங்கள் எல்லாம் எனக்கும் மனப்பாடம். முப்பது வருடம் ஜெனரல்களைக் குளிரவைத்து நாம் எதைப் பெற்றோம்? சீனா வெளியேறிவிட்டதா? எல்லை அமைதியாக இருக்கிறதா? 2023 அக்டோபருக்குப் பிறகு அந்த எல்லையின் மறுபக்கத்தில் பல இடங்களில் ஜெனரல்களின் ஆட்சியே இல்லை.

தென்கொரியா முன்னேறவில்லையா என்று ஒருத்தர் கட்டாயம் கேட்பார். முன்னேறியது. குவாங்ஜூவில் 1980இல் பிணங்களையும் எண்ணியது. அந்த மக்கள் தளபதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பர் 3 ராத்திரி ஒரு ஜனாதிபதி மறுபடி ராணுவச் சட்டம் என்றதும், வயதானவர்கள்கூடக் கோட்டை மாட்டிக்கொண்டு நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள். உறுப்பினர்கள் உள்ளே புகுந்து மூன்று மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்தார்கள். அவ்வளவு அருமையான மருந்தென்றால், குடித்துப் பார்த்தவர்கள் ஏன் அதைக் கண்டு அப்படி ஓடுகிறார்கள்? லீ குவான் யூவைச் சொல்வார்கள். அவர் வக்கீல், அவரைப் பற்றிச் சண்டை போட ஆயிரம் இருக்கிறது, ஆனால் அவர் பீரங்கி வண்டியில் வந்து இறங்கவில்லை.

நம் ஜனநாயகம் அழுகிக் கிடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பத்திரப்பதிவில் நானும்தான் கொடுத்தேன். அதைத் திட்டுகிற உரிமையை யாரிடமாவது அஞ்சு வருஷத்துக்கு அடமானம் வைத்தால் வட்டி எவ்வளவு என்பதுதான் கேள்வி. பர்மாவில் 2021க்குப் பிறகு ராணுவத்தால் கொல்லப்பட்டவர்கள் என்று பெயரோடு பதிவானவர்களே 6,000க்கு மேல். வீடிழந்து நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள் 30 லட்சத்துக்கு மேல். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே சரிந்து, மக்கள் கையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் விமானங்கள் குண்டு போட்டன. டிசம்பரில் தேர்தல் ஒன்றையும் தொடங்கிக்காட்டினார்கள். வென்ற கட்சியை 2023லேயே கலைத்தாயிற்று. தேர்தலைக் குறை சொன்னால் சிறை என்று முன்கூட்டியே சட்டம்.

எங்கள் அலுவலகப் பெண்ணின் பாஸ்போர்ட் 2024இல் முடிந்தது. புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போகவேண்டும். வெளிநாட்டில் சம்பாதிப்பதற்கு வரி கட்டிய ரசீது கேட்பார்கள். சம்பளத்தில் 25 சதவீதம் அரசு வங்கி வழியாக, அவர்கள் வைத்த விலைக்கு, ஊருக்கு அனுப்பவேண்டும் என்று விதி வேறு. அந்த வருட பிப்ரவரியில்தான் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்திருந்தார்கள். ஆண்கள் 18 முதல் 35 வரை. மண்டலே பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நெரிசலில் இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அவருடைய தம்பிக்கு 24 வயது. அவன் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் எல்லையைப் பார்த்து நடந்துவிட்டான்.

கட்டுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தார். கட்டாவிட்டால் பாஸ்போர்ட் இல்லை, வேலை இல்லை, தம்பிக்கு அனுப்பப் பணம் இல்லை. கட்டினால் அந்தப் பணம் எந்த விமானத்தில் எரிபொருளாகப் போகும் என்று தெரியாது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கட்டினார். சாயங்காலம் பெனின்சுலா பிளாசாவில், பர்மியக் கடைகள் இருக்கும் தளத்தில், எனக்கும் ஒரு மொகிங்கா வாங்கிக் கொடுத்தார். ரசீதை நான்காக மடித்து ஃபோன் உறைக்குள் வைத்திருந்தார். அதே தொகையை எல்லையில் ஒரு மருத்துவமனைக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "இப்போ மாசம் ரெண்டு வரி கட்டறேன்" என்றார்.

இதையெல்லாம் சுருக்கி அன்று ராத்திரி எங்கள் குழுவில் எழுதிப்போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருத்தன் மட்டும் பதில் போட்டான். "பர்மா வேற, இந்தியா வேற மச்சி." அதற்கு நாலு கட்டைவிரல்.